‘இசு’ நோயும் ‘ஒரு மாதிரி’ நோயும்

தூய தமிழ் பேசுக, தூய தமிழ் எழுதுக என்று நாம் சொல்லுந்தொறும் நம்மை எள்ளி நகைப்பார் உளர். “மொழி என்ன உடம்பா, அதற்கு நோய் வருதற்கு? சொல் என்ன நச்சுயிரியா, அது தொற்றுதற்கு?” என்பது அவர்தம் வினா. அவர் தலைமேற்கொண்டு போற்றுவது ஆங்கிலம். ஆகலின் ஆங்கிலவர் தாமே புனைந்த ஒரு கதையைக் கொண்டே அவர்க்கு விடை கூறுவாம். அஃது ஓர் அறிவியற் புனைகதை. காலப் பயணமும் தொற்றுநோயும் பற்றியது. ஆயின் அக்கதையிற் பரவும் நோய் அம்மையன்று, கழிச்சலன்று, ஒரு சொல். செவ்வனே கூறின், ஒரு சொல்லின் வால்.

இங்கிலாந்தின் பி.பி.சி. தொலைக்காட்சி 1963ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் ‘டாக்டர் ஊ’ என்னும் தொடரைத் தொடங்கியது. ‘மருத்துவர் யார்?’ என்பது அப்பெயரின் பொருள். வேற்றுலகினன் ஒருவன், தன் பெயர் சொல்லான், ‘மருத்துவர்’ என்றே அழைக்கப்படுவான். நீலநிறக் காவற்கூண்டின் வடிவில் அமைந்த ஊர்தியில் ஏறி, முன்னைக் காலத்துக்கும் பின்னைக் காலத்துக்கும் சென்று மீள்வான். அத்தொடர் 1989இல் நின்றது; 2005இல் மீண்டும் உயிர்பெற்றது. இடைப்பட்ட வறட்சிக் காலத்தில், 1999 முதலாக, ‘பிக் பினிசு’ என்னும் நிறுவனம் அதனை ஒலிநாடகங்களாக வட்டுகளிற் பதித்து வெளியிட்டு வந்தது. அவ்வரிசையில் 35ஆவதாக, 2002ஆம் ஆண்டில் வெளிவந்த நாடகமே நாம் எடுத்துக்கொண்டது. எழுதியவர் பில் பாசுகோ. முன்னர்த் தொலைக்காட்சியில் ஆறாம் மருத்துவராக நடித்த காலின் பேக்கரே இதிலும் மருத்துவர். அவருடன் செல்லும் அமெரிக்க மங்கை பெரியாக நடித்தவர் நிக்கோலா பிரையண்டு. நாடகத்தின் பெயர், மூன்று புள்ளியும் அவற்றின்பின் ‘இசு’ என்னும் ஒட்டும், அவ்வளவே.

மொழிக்கு வந்த நோயைக் காட்ட ஒலிநாடகத்தினும் ஏற்ற களம் வேறில்லை. ஆங்கே முகமும் இல்லை, உடையும் இல்லை, ஒப்பனையும் இல்லை. எல்லாம் சொல்லே. சொல் நோயுற்றால் நாடகமே நோயுறும்; கேட்பவன் அதனைத் தன் செவியிலேயே உணர்வான்.

கதை இது. வருங்காலத்தில் ஓரிடத்தே அகரமுதலி வல்லார் கூடிய பேரவை நடக்கின்றது. ஆங்கிலச் சொற்கள் அனைத்தையும் அடக்கிய முடிந்த முடிபான சொற்களஞ்சியம் ஆங்கு உருவாகின்றது. மருத்துவர்க்கு அது திருவிழா; பெரிக்கோ பெருஞ்சலிப்பு. அவ்வேளையில் அவ்வவையின் தலைசிறந்த சொல்லறிஞர் ஒருவர் தம் மேசையிலேயே இறந்து கிடக்கின்றார். தற்கொலையோ, கொலையோ என ஆராயப் புகும் மருத்துவர், கொன்றது ஆளன்று, சொல்லோ என ஐயுறும் நிலைக்கு வருகின்றார். அண்டத்திலேயே நீண்டதாக ஒரு சொல் உண்டென்றும், அதன் சிறு துணுக்கே ‘இசு’ என்றும் கதை விரிகின்றது. அத்துணுக்குப் பேசுவோர் நாவில் தொற்றுகின்றது, தொற்றிய பேச்சு கூர் மழுங்குகின்றது, பொருள் வற்றுகின்றது. முடிவு யாதென இங்குக் கூறேம். கேட்க விழைவார் கேட்டறிக.

இனி, அந்த ‘இசு’ யாது? ஆங்கிலத்தில் சொல்லின் பின் ஒட்டிவரும் ஓர் இடைச்சொல் அது. செம்மையைக் குறிக்கும் ‘ரெட்’ என்பது ‘ரெட்டிசு’ என நின்றால், முழுச் சிவப்பன்று, சிவப்புப் போன்றது என்று பொருள். ஏழு மணி என்பது ‘செவனிசு’ என நின்றால், ஏழுக்கு முன்னோ பின்னோ, ஏறத்தாழ ஏழு. இக்கால ஆங்கில இளைஞர் ஒட்ட வேண்டிய சொல்லையும் விட்டுவிட்டு, “நலமா?” என்றால் “இசு” என்று தனியே விடையிறுக்கின்றனர். நலமும் அன்று, நலமின்மையும் அன்று. எதுவும் சொல்லாமற் சொல்லும் சொல் அது.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. ‘இசு’ ஆங்கிலத்துக்கு அயலிலிருந்து வந்ததன்று. பழைய ஆங்கிலத்திலேயே ‘இசுக்’ என்னும் வடிவில் இருந்த சொந்த ஒட்டு. இன்னாரைச் சார்ந்தது என்னும் பொருளில் நின்றது. ‘இங்கிலீசு’ என்னும் அம்மொழிப் பெயரின் ஈற்றில் நிற்பதும் அதுவே. அயற்சொல் புகுந்து கெடுத்தது என எளிதிற் கதை கட்டியிருக்கலாம். அந்நாடக ஆசிரியர் அங்ஙனம் செய்திலர். தம் மொழியின் பெயருக்குள்ளேயே குடியிருக்கும் ஒட்டினையே நோயாக்கினார். மொழிக்கு வரும் கேடு வாயில் வழியாக மட்டும் வருவதன்று. வீட்டுக்குள்ளிருந்தும் எழும் என்பதே அதனால் நாம் பெறும் பாடம். தனித்தமிழ் அன்பராகிய நாம் இதனைக் கூர்ந்து நோக்கல் வேண்டும். என்னை? நாம் வாயிலைக் காப்பதிலேயே முனைந்து நின்று, வீட்டுக்குள் நோக்க மறந்தோம்.

அதற்கு முன் ஒரு தடையை விடுப்பாம். “கலந்ததாலன்றோ ஆங்கிலம் வளர்ந்தது?” என்பர். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சும், கற்றோர் வழியே இலத்தீனும் ஆங்கிலத்திற் பெருவெள்ளமாய்ப் புகுந்தன. பயன் யாது? 1604ஆம் ஆண்டில் இராபர்ட்டு காட்றி என்பார் ஆங்கிலத்துக்கு மட்டுமேயான முதல் அகரமுதலியை வெளியிட்டார். ஏறத்தாழ 2500 சொற்கள். அவை எத்தகைய சொற்கள்? எபிரேயம், கிரேக்கம், இலத்தீன், பிரெஞ்சு ஆகியவற்றிலிருந்து வந்த கடுஞ்சொற்கள். யார்க்காக? பெண்டிர்க்கும் கல்வி வாய்ப்புப் பெறாதார்க்கும் என்று நூலின் முகப்பிலேயே அச்சிட்டிருந்தார். தன் தாய்மொழியைப் புரிந்துகொள்ளவே ஓர் ஆங்கிலப் பெண்மணிக்கு அகரமுதலி தேவைப்பட்டது! கலப்பு, கற்றார்க்கும் கல்லார்க்கும் இடையே எழுப்பிய சுவருக்கு இதனினும் சான்று வேண்டுமோ? நாம் கூறும் ஒலிநாடகத்தில் அவைத்தலைவர்க்குக் ‘காட்றி’ என்றே பெயரிட்டுள்ளனர். அதுவும் பொருளோடு இட்ட பெயரே.

அச்சுவரை இடிக்க முயன்ற ஆங்கிலவரும் இருந்தனர். கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியராயிருந்த சான் சீக்கு, அயற்கடன் பெருகினால் மொழி கடனாளியாகும் என்று 1557இல் எழுதினார். கிரேக்கத்தைக் கரைத்துக் குடித்தவரே ஆங்கிலம் ஆங்கிலமாய் இருத்தல் வேண்டும் என்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தார்செட்டு நாட்டுப் பாவலர் வில்லியம் பார்ன்சு, ‘கிராமர்’ என்னும் கிரேக்கவழிச் சொல்லை விடுத்து, ‘பேச்சுக்கலை’ எனப் பொருள்படும் தூய ஆங்கிலச் சொல்லையே 1878இல் தம் இலக்கண நூலுக்குப் பெயராக இட்டார். அவர்களையும் அந்நாட்டார் நகைத்தனர். நகைப்பு நமக்கு மட்டும் வாய்த்ததன்று.

இனி நம் வீட்டுக்குள் வருவாம். ஆங்கிலத்துக்கு ‘இசு’ எத்தகையதோ அத்தகையது இற்றைத் தமிழர் நாவில் ‘ஒரு மாதிரி’. காய்ச்சல் வருமுன் உடல் ஒரு மாதிரி இருக்கின்றது. உறவினர் பேச்சு ஒரு மாதிரி இருந்தது. குழம்பு ஒரு மாதிரி ஆயிற்று. வானம் ஒரு மாதிரி இருட்டிற்று. அவன் ஒரு மாதிரியான ஆள். ‘மாதிரி’ என்பதன் பிறப்பு எம்மொழியாயினும் ஆகுக. அதுவன்று இங்கு வழக்கு. வெதுவெதுப்பு, குத்தற்பேச்சு, ஊசல், மப்பு, ஏய்ப்பன் என ஐந்து இடத்தில் ஐந்து சொல் நின்ற நிலத்தில், இன்று ஒரே களை மண்டிக் கிடக்கின்றது என்பதே வழக்கு.

பாவாணர் நமக்கு எடுத்துக்காட்டிய சொல்வளத்தை எண்ணிப் பார்மின். புளிக்கும் வேம்புக்கும் இலை. நெல்லுக்கும் புல்லுக்கும் தாள். கரும்புக்கும் சோளத்துக்கும் தோகை. தென்னைக்கும் பனைக்கும் ஓலை. காய்ந்த இலை சருகு. காய்ந்த தாளும் தோகையும் சண்டு. இவையெல்லாம் புலவர் அறையில் அமர்ந்து ஆக்கிய சொற்களல்ல. உழவன் வாயில் விளைந்தவை. கண் எத்துணை நுணுகிக் கண்டதோ அத்துணை நுணுகி நா பேசிற்று. ‘ஒரு மாதிரி’யோ கண்ணையே மூடச் செய்வது. நுணுக்கச் சொல் நீங்கிய இடம் வெற்றிடமாகும். அவ்வெற்றிடத்திலேதான் அயற்சொல் வந்து குடியேறுகின்றது. நோய் முதலில் உள்ளே; படையெடுப்புப் பின்னர்.

இஃது ஏட்டளவில் நின்றுவிடும் இழப்பாயின் பொறுக்கலாம். இஃது உயிரோடு விளையாடும் இழப்பு. அதனை நேரிற் கண்டேன்.

எழுபது அகவை கடந்த என் பெரியம்மாவை மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். இளம் மருத்துவர் அன்போடுதான் வினவினார். “முழங்கால் ராவெல்லாம் குடையுது தம்பி; விடிஞ்சு நாலடி நடந்தா உளையுது; பாதம் மட்டும் மதமதன்னு கெடக்கு” என்றார் பெரியம்மா. மூன்று உறுப்பு நிலை, மூன்று சொல், எந்நேரம், எச்செயலில் என்பதும் அடக்கம். மருத்துவர் சற்றே விழித்தார். பின்னர், “அதெல்லாம் சரி பாட்டி, பெயின் இருக்கா, இல்லையா?” என்றார். இருக்கின்றது என்றேன் யான். தாளில் அவ்வொரு சொல்லையே எழுதிக்கொண்டார். அடுத்த திங்கள் மீண்டும் சென்றோம். “எப்படி இருக்கு பாட்டி?” என்றார் மருத்துவர். “ஒரு மாதிரி பெயினா இருக்கு சார்” என்றார் பெரியம்மா.

ஒரே திங்களில் நோய் தொற்றிவிட்டது. குடைச்சலும் உளைச்சலும் மதமதப்பும் போயின; ‘தம்பி’யும் போய்ச் ‘சார்’ வந்தது. அவ்விளைஞரை நோகேன். ஐந்தாண்டுக்கு மேலாக மருத்துவத்தை ஆங்கிலத்திலேயே கற்றவர் அவர். தம் நோயாளியின் சொல்லே முதல் ஆய்வுக்கருவி என்பதைத் தமிழில் அவர்க்கு எவரும் கற்பித்திலர்.

ஆனால் ஆங்கிலத்தில் அதனைக் கற்பிக்கின்றனர். கனடா நாட்டு மாண்ட்ரியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உரொனால்டு மெல்சாக்கு என்னும் உளநூலறிஞர், வலியைக் குறிக்கும் 78 ஆங்கிலச் சொற்களைத் திரட்டி, 20 வகையாகப் பகுத்து, 1975இல் ஒரு வினாத்தாள் வெளியிட்டார். நோயாளி தம் வலிக்குப் பொருந்தும் சொல்லைத் தேர்ந்து சொல்வார். அச்சொல்லால் வலியின் தன்மையை மருத்துவர் அளப்பார். உலகெங்கும் கையாளப்பெறும் முறை அது. அதற்கும் இரு நூற்றாண்டு முன்னரே, 1768இல், இலண்டன் மருத்துவர் வில்லியம் எபர்டன் நெஞ்சை நெரிப்பது போன்றதொரு நோயை மருத்துவர் அவையில் விளக்கினார். நோயுற்றார் உணர்ந்து சொன்ன அந்நெரிப்பையே இலத்தீனில் நோய்க்குப் பெயராக்கினார். நோயாளியின் நாவிலிருந்து நோயின் பெயர் பிறந்தது.

நம்மிடம் இல்லையா? குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிச்சல், கரிப்பு, பிசைவு, இழுப்பு, பிடிப்பு, சுளுக்கு, தெறிப்பு, இறுக்கம், அழுத்தம், நமைச்சல், மதமதப்பு, திமிர். எண்ணிப் பார்க்க அமர்ந்த ஒரு மாலையில் நினைவுக்கு வந்தவை இவை. நெஞ்சு ‘அழுத்துகின்றது’ என்பதும், மூச்சை இழுத்தாற் ‘குத்துகின்றது’ என்பதும், உண்டபின் ‘கரிக்கின்றது’ என்பதும் வெவ்வேறு. முன்னது நெஞ்சாங்குலையை நோக்கி மருத்துவரை விரையச் செய்வது. அடுத்தது விலாவையும் நுரையீரலையும் நினைப்பிப்பது. பின்னது இரைப்பைப் புளிப்பை நினைப்பிப்பது. சொல் ஒன்றே நோயை முடிவு செய்துவிடாது என்பது உண்மை. ஆயினும் எவ்வாய்வை முதலிற் செய்க என்று வழிகாட்டுவது அதுவே. மூன்றையும் ‘ஒரு மாதிரி பெயின்’ என்னும் ஒற்றைப் பானையிற் கொட்டினால், இழப்பது இலக்கியமன்று, நேரம். நெஞ்சுநோயில் நேரம் என்பது உயிர்.

“அகரமுதலிகள் உள்ளனவே, சொற்கள் எங்கே போய்விடும்?” எனச் சிலர் அமைதி கொள்வர். ஒலிநாடகத்தை மீண்டும் நினைமின். நோய் புகுந்தது எங்கே? சொல்லனைத்தையும் ஒருங்கு குவித்த அகரமுதலிப் பேரவையிலேதான். குவித்து வைத்தல் காவலன்று. நம் நாட்டிலும் 1974இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் பாவாணர் தலைமையில் தொடங்கிற்று. அவர் 1981இல் மறைந்தார். முதற்பகுதி 1985இல் வெளிவந்தது. பின்னரும் பல பகுதிகள் வந்தன. அப்பெரும்பணியை வணங்குகின்றோம். ஆயினும் நூலகத்து அடுக்கில் உறங்கும் ‘உளைச்சல்’ நூலகத்துக்கே உடைமை. மருத்துவமனை வரிசையில் நிற்கும் மூதாட்டியின் நாவில் நிற்கும் ‘உளைச்சல்’தான் தமிழுக்கு உடைமை.

“இக்காலத்து இயலுமா?” என்பார்க்கும் விடை உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிரீன், மானிப்பாயில் தமிழ் இளைஞர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழிற் கொணர்ந்தார். அயலார் ஒருவர்க்கு அன்று இயன்றது. இனி அண்மைக்கு வருக. 2020இல் மகுடை நோய் உலகை வளைத்தபோது, பெருந்தொற்று, ஊரடங்கு, நச்சுயிரி, தடுப்பூசி, மூச்சுத்திணறல், தனிமைப்படுத்தல் என்னும் சொற்களை அரசாணையும் செய்தித்தாளும் தேநீர்க்கடையும் ஒருங்கே பேசின. பழஞ்சொல் சில, புதுச்சொல் சில. எவர்க்கும் நா சுளுக்கிக்கொள்ளவில்லை. உயிரச்சம் வந்தபோது, தமக்கு விளங்கும் சொல்லையே மக்கள் நாடினர். விளங்கும் சொல் தமிழாயிருந்தது. இயலுமா என்னும் வினாவுக்கு அவ்வாண்டே விடை.

இறுதியாகக் காலப் பயணம் பற்றி ஒரு சொல். அக்கதையின் மருத்துவர் எக்காலத்துக்குச் சென்றாலும், அவ்வூர்தியே எம்மொழியையும் உடன்வருவார் உள்ளத்தில் பெயர்த்துவிடும் என்பது கதைமுறை. அவ்வூர்தியின் உதவியின்றி ஓராயிரம் ஆண்டு பின்னோக்கிச் செல்லும் இற்றை ஆங்கிலவன், தன் மூதாதையர் பேச்சை அயன்மொழியாகவே கேட்பான். நமக்கோ, இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய சங்கப்பாட்டுக்கு உரையாசிரியர் துணை வேண்டுமாயினும், ஆங்கே வரும் நீரும் மலையும் கடலும் ஊரும் நோயும் மருந்தும் இன்றும் நம் வீட்டுச் சொற்களே. நம்மிடம் உள்ள காலவூர்தி அது. அதன் ஆணிகளைக் கழற்றிக் கழற்றி ‘ஒரு மாதிரி’ என்னும் ஓட்டைத் தகரத்தை ஒட்டிக்கொண்டிருக்கின்றோம்.

மருந்து பற்றிப் பேசவந்த திருவள்ளுவர், நோய் எதுவெனத் தேர்ந்து, அது தோன்றிய இடத்தையும் தேர்ந்து, பின்னரே தீர்க்க முற்படுமாறு அறிவுறுத்தினார். நம் மொழிநோய்க்கும் அதுவே முறை. ஆகலின் இவ்விதழ் படிக்கும் அன்பர் ஒவ்வொருவரையும் ஒன்று வேண்டுகின்றோம். உங்கள் ஊரில் அகவை முதிர்ந்த ஆடவர் பெண்டிர் பத்துப் பேரிடம் செல்லுங்கள். உடம்பின் எந்நோவை என்ன சொல்லால் சொல்கின்றனர் எனக் கேளுங்கள். சொல், உறுப்பு, அது குறிக்கும் நோவின் தன்மை, ஊர்ப்பெயர் ஆகிய நான்கையும் எழுதுங்கள். எழுதியதன் ஒரு படியை நமக்கு விடுங்கள். மற்றொரு படியை உங்கள் ஊர் மருத்துவர் மேசையில், பணிவோடு, வைத்துவிட்டு வாருங்கள். மெல்சாக்கு ஒருவர் ஆங்கிலத்துக்குச் செய்ததை நாம் பல்லாயிரவர் தமிழுக்குச் செய்ய இயலாதா?

அதற்கும் முன்பாக, இன்று மாலை வீட்டில் எவரேனும் “ஒரு மாதிரி இருக்கு” என்றால் அவ்வளவில் விட்டுவிடாதீர்கள். “எம்மாதிரி?” என்று கேளுங்கள். குத்துகிறதா, குடைகிறதா, உளைகிறதா என்று கேளுங்கள். அவ்வொரு வினாவே தடுப்பூசி.